கத்தரிக்கோலை எடுக்கும் முன் ஒரு கேள்வி

மெடிக்கல் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கும், கல்லாவுக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றுகொண்டே மருந்து எடுத்துக் கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,



நான் உங்கள் கடைகளுக்கு மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவள். அதற்கு முன் 29 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தேன். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு நர்ஸ் என்பது அரசுக் கணக்கு. அந்த 5,000 பேரில் யாருக்கு எத்தனாவது மாசம், யாருக்குக் காப்பர்-டி போட்டது, யார் மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் என் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பதிவேட்டுக்குள் வராத பெண்கள் எத்தனை பேர் என்பது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் எல்லாரும் உங்களிடம் வந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

போன ஆடியில் ஒருநாள், பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் ஒரு கடையில் என் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். கடையில் இரண்டு ஆண்கள் நின்றதால் ஓரமாகப் போய் போனைப் பார்ப்பதுபோல் நின்றாள். அவர்கள் போனதும் கல்லா அருகே வந்து, "தம்பி, நாள் தள்ளிப்போட மாத்திரை" என்றாள். "எத்தன நாளைக்குக்கா?" "கூழ் ஊத்துறோம். அஞ்சு நாளைக்குக் குடுங்க." தம்பி ஒரு முழு அட்டையை எடுத்தார். இன்னொரு அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டினார். "நாளைக்கு மூணு வேளை" என்று சொல்லி, பழுப்புக் கவரில் போட்டு, அதன்மேல் கறுப்புக் கவரும் போட்டுக் கொடுத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வெட்டிய அட்டையில் இருந்த பெயரில் பாதியும் காலாவதித் தேதி முழுசும் கடையிலேயே தங்கிவிட்டன.

பழக்கதோஷம், எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பஸ்ஸுக்காக அவள் நின்ற இடத்துக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நர்ஸ் என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தாள். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு மூன்று வயது. "பிரசவத்துல ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லக்கா. ரெண்டாவது பிறந்தப்புறம் இடது கால் மட்டும் வீங்கிப் போச்சு. ரத்தம் கட்டியிருக்குன்னு பெரியாஸ்பத்திரியில வச்சு வயித்துல ஊசி போட்டாங்க. அப்புறம் சரியாயிடுச்சு" என்றாள். இதைக் கடையில் சொன்னாயா என்றேன். அவள் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம்: "அவரு கேக்கல. நானும் சொல்லல."

காலில் ஒருமுறை ரத்தம் கட்டியவளுக்கு அந்த மாத்திரை கூடாது. அதே கட்டி மறுபடி உருவாகி, நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிர் போகும். தம்பிக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம், தெரிந்தும் கேட்கத் தோன்றாமல் இருந்திருக்கலாம். அவரைக் குறை சொல்லி எழுதவில்லை. அடுத்த வாடிக்கையாளர் ரத்தச் சர்க்கரை மாத்திரைக்கு நிற்கிறார், அதற்கடுத்தவர் சில்லறைக்கு நிற்கிறார். உங்கள் அரை நிமிடத்தின் அருமை எனக்குத் தெரியும்.

பெண்கள் ஏன் எங்களை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரு நர்ஸம்மாவுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி என்ற பயம். டாக்டரிடம் போனால் பீஸ், டோக்கன், அரை நாள் கூலி. கூடவே, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வி. அதனால் இரண்டு ஸ்டாப் தள்ளி, முகம் தெரியாத ஒரு கடையாகப் பார்த்து இறங்குகிறார்கள். உங்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதுதான் அவர்களுக்கு நிம்மதி. சிலருக்கு ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. அந்த நிம்மதியைக் கெடுக்காமல் ஆபத்தை மட்டும் தடுக்க முடியுமா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வார்த்தையைப் பிரித்துப் பார்ப்போம். "மாத்திரை" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்களே, அதற்குள் நான்கு வெவ்வேறு மருந்துகள் இருக்கின்றன. தினமும் சாப்பிடும் கருத்தடை மாத்திரை ஒன்று. உறவுக்குப் பிறகு அவசரத்துக்குச் சாப்பிடுவது ஒன்று. மாதவிலக்கைத் தள்ளிப்போடுவது ஒன்று. கருவைக் கலைப்பது ஒன்று. வாங்க வருகிறவருக்கே எது எதுவென்று தெரியாது. பல நேரம் வருகிறவர் கணவராக இருப்பார், அவருக்கு இன்னும் தெரியாது. கலைப்பு மாத்திரையைக் கேட்பதாக நினைத்து அவசர மாத்திரையைக் கேட்பார்கள். தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிடும் நாளில் கரு தங்காது என்று நம்புவார்கள். அதனால் முதல் வேலை, "எதுக்குக் கேக்குறீங்க?" என்று மெதுவாகக் கேட்டுப் பிரித்துக்கொள்வது.

தினசரி மாத்திரையைப் பற்றித்தான் நம் ஊரில் பயம் அதிகம். தமிழ்நாட்டில் இரண்டு பிள்ளை ஆனதும் ஆபரேஷன், அதோடு கதை முடிந்தது என்பதே வழக்கம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கத் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 5 பேர். நம் மாநிலத்தில் ஆபரேஷன் அதைவிட அதிகம், மாத்திரை அதைவிடக் குறைவு. 23 வயதில் வயிற்றைக் கிழித்துக்கொள்ளத் தயங்காத பெண்கள், ஒரு சின்ன மாத்திரைக்குப் பயந்து நின்றதை நான் வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். "கர்ப்பப்பை சூடாயிடுமாம்", "அப்புறம் பிள்ளையே நிக்காதாம்", "மாத்திரை எல்லாம் வயித்துல சேந்து கட்டியாயிடுமாம்." இவற்றில் ஒன்றும் உண்மை இல்லை. சாப்பிடுவதை நிறுத்தியதும் கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்கும். மாத்திரையை நிறுத்திய பெண்களும் மற்றவர்களைப் போலத்தான் கருத்தரிக்கிறார்கள்.

உங்களிடம் இருக்கும் மாலா-டி, நாங்கள் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் இரண்டும் ஒன்றுதான். 28 மாத்திரையில் வெள்ளையாக இருக்கும் 21-ல் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையால். பழுப்பாக இருக்கும் 7, வெறும் இரும்புச்சத்து. 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையான எனோவிட்டில் புரோஜெஸ்டின் மட்டும் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம். ஈஸ்ட்ரோஜன் வகை மருந்து 0.15 மில்லிகிராம். இன்றைய மாத்திரையோடு வைத்துப் பார்த்தால் அது குதிரைக்குக் கொடுக்கும் அளவு. அந்தக் காலத்துப் பயம்தான் இன்னும் நம் திண்ணைகளில் உலவுகிறது.

ரத்தக்கட்டு ஆபத்து உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் வருடத்துக்குச் சுமார் 2 பேருக்கு ரத்தக்கட்டு வரும். மாலா வகை மாத்திரை சாப்பிடுகிற 10,000 பேரில் 5 முதல் 7 பேருக்கு வரும். முகப்பரு போகும், எடை போடாது என்று விற்கப்படும் டிரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் சேர்ந்த மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். இது ஐரோப்பிய மருந்து ஆணையம் 2013-ல் ஆராய்ந்து சொன்ன கணக்கு. கர்ப்ப காலத்திலும் பிரசவமான முதல் சில வாரங்களிலும் ரத்தக்கட்டு ஆபத்து இவை எல்லாவற்றையும்விட அதிகம். மாத்திரைக்குப் பயந்து வேண்டாத கர்ப்பத்தைச் சுமப்பவள் சின்ன ஆபத்தை விட்டுப் பெரிய ஆபத்தில் போய் நிற்கிறாள்.

பயம் என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பாடம் நடந்தது. 1995 அக்டோபரில், புது வகை மாத்திரைகள் ரத்தக்கட்டு ஆபத்தை இரண்டு மடங்காக்கும் என்று அங்கே அவசர எச்சரிக்கை விட்டார்கள். 7,000 பேரில் 1 என்று இருந்தது 2 ஆகும் என்பதுதான் அந்த இரண்டு மடங்கு. அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. பெண்கள் பயந்து அட்டையைப் பாதியில் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு சுமார் 13,000 கூடிப்போனது. சொல்லாமல் விடுவது ஒரு தவறென்றால், அளவு தெரியாமல் சொல்வது இன்னொரு தவறு.

புற்றுநோய் பற்றியும் கேட்பார்கள். மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து சிறிதளவு கூடுகிறது. நிறுத்திய பின் மெல்லக் குறைகிறது. சினைப்பைப் புற்றுநோயும் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது, நிறுத்திப் பல வருடம் கழித்தும் அந்தப் பாதுகாப்பு நிற்கிறது. இரண்டு பக்கமும் இருக்கிறது. கேட்டால் இரண்டையும் சொல்லுங்கள்.

பெரும்பாலான பெண்களுக்கு இந்த மாத்திரை பாதுகாப்பானது. சிலருக்குக் கூடவே கூடாது. அந்தச் சிலர் யார் என்பதும் நமக்குத் தெரியும். கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஐந்து கேள்வி போதும்.

முதல் கேள்வி: "முன்னாடி எப்பவாவது கால்லயோ நெஞ்சுலயோ ரத்தம் கட்டியிருக்கா? மாரடைப்பு, பக்கவாதம் வந்திருக்கா?" ஆமாம் என்றால் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது: "பிரஷர் இருக்கா?" தெரியாது என்பார்கள். உங்கள் கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் பிரஷர் கருவியில் ஒன்றைப் பிரித்துக் கல்லாவில் வையுங்கள். 140/90-க்கு மேல் போனால் கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். 35 வயதுக்கு மேல் புகைப்பவருக்கும் இந்த மாத்திரை கூடாது.

மூன்றாவது: "ஒத்தைத் தலைவலி வருமா? வர்றதுக்கு முன்னாடி கண்ணு முன்னால மின்னுற மாதிரி, கோடு கோடா தெரியுமா?" அப்படித் தெரிந்தால் அது வேறு வகைத் தலைவலி. மாத்திரையோடு சேர்ந்தால் பக்கவாத ஆபத்து கூடும். சாதாரணத் தலைவலிக்கு இந்தத் தடை இல்லை.

நான்காவது: "கைக்குழந்தை இருக்கா? பால் குடுக்குறீங்களா?" பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் கூடவே கூடாது. பால் கொடுக்கிறவர் ஆறு மாதம் வரை வேறு முறைக்குப் போவது நல்லது. அவர்களுக்குச் சாயா இருக்கிறது. லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமேன். இதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டினும் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. 1990-களில் சஹேலி என்ற பெயரில் வந்தது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாயா என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. கடையில் இல்லாவிட்டால் அங்கே அனுப்புங்கள், உங்களுக்குப் புண்ணியம்.

ஐந்தாவது: "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க? மஞ்சள் காமாலை, கல்லீரல் தொந்தரவு, மார்புல கட்டி ஏதாச்சும் உண்டா?" டி.பி.க்குத் தரும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குத் தரும் பெனிடாயின், கார்பமசெபின் போன்றவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கர்ப்பமாகி, "மாத்திரை மோசம்" என்று பேர் வாங்கிக் கொடுப்பவர்களில் இவர்களும் உண்டு. காய்ச்சலுக்குச் சாப்பிடும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளால் அந்தக் கவலை இல்லை.

ஐந்து கேள்வியில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பது இல்லை, கவனித்தீர்களா? அந்தப் பதிலால் ரத்தம் கட்டுவதும் இல்லை, கரைவதும் இல்லை. அதைக் கேட்ட நிமிடம் அந்தப் பெண் மற்ற ஐந்துக்கும் பொய் சொல்லத் தொடங்குவாள்.

கொடுக்கும்போது இரண்டு வார்த்தை கூடச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டலும் இடையிடையே திட்டுத் திட்டாக ரத்தமும் வரலாம், பயந்து நிறுத்த வேண்டாம். ஒருநாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அன்றைக்கு இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ வெள்ளை மாத்திரையை மறந்தால் ஒன்றைப் போட்டுத் தொடர வேண்டும், அடுத்த ஏழு நாள் ஆணுறை வேண்டும். அந்த மறதி கடைசி ஏழு வெள்ளையில் நடந்திருந்தால், பழுப்பை விட்டுவிட்டு நேரே புது அட்டையைத் தொடங்க வேண்டும். தவறாமல் சாப்பிட்டால் வருடத்துக்கு 1,000 பேரில் 3 பேர்தான் கர்ப்பமாவார்கள். நிஜ வாழ்க்கையில், மறதியோடு சேர்த்து, 100-க்கு 7 பேர். எல்லா வித்தியாசமும் மறதியில்தான்.

என் பகுதியில் ஒரு பெண் மாலா-என் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தாள். மாமியார் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதான் என்றாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது கை தானாகப் படத்துக்குப் பின்னால் போகும். நான்கு வருடத்தில் ஒருநாளும் தவறவில்லை. படித்த பெண்கள் போனில் அலாரம் வைத்தும் மறந்திருக்கிறார்கள். இந்த யோசனையை அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இனி அவசர மாத்திரை. 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், ஒரே மாத்திரை. மத்திய அரசு விதிப்படி டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுக்கலாம். ஆனால் நம் மாநிலத்தில் பெரும்பாலான கடைகளில் பதில் ஒன்றுதான்: "அதெல்லாம் நாங்க வைக்கிறதில்ல." தடைச் சட்டம் எதுவும் கிடையாது. எழுதாத தடையாகவே பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கருவைக் கலைக்கும் மாத்திரை என்று நினைத்து ஒதுக்குகிறவர்களும் உங்களில் உண்டு. அது கருவைக் கலைக்காது. முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், சீக்கிரம் சாப்பிடச் சாப்பிடப் பலன் கூடும். "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு கடையாலும் கேட்டு வந்த பெண்ணுக்குச் சில மணி நேரம் வீணாகும். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே பெண் கலைப்பு மாத்திரைக்கு உங்களிடமே வருவாள்.

கொடுக்கிற கடைகளுக்கும் ஒரு வார்த்தை. மாதம் மூன்று தடவை ஒரே பெண்ணோ அவள் கணவரோ வாங்கினால், இது தினசரிக்கு ஆனதல்ல, தினசரி மாத்திரையைவிடப் பலனும் குறைவு என்று சொல்லுங்கள். விலக்கு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஐந்து நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காப்பர்-டி போட்டுக்கொண்டால் அது இந்த மாத்திரையைவிட உறுதி என்பதும் அவர்களுக்குத் தெரியட்டும். எந்த மாத்திரையும் பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

நாள் தள்ளிப்போடும் மாத்திரைதான் உங்கள் கல்லாவில் ஆடியிலும் தையிலும் கல்யாண சீசனிலும் அதிகம் போவது. நாரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, நாளைக்கு மூன்று. ஆரோக்கியமான பெண் எப்போதாவது சில நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் இது சாதாரண விஷயம் என்று நினைக்க வேண்டாம். உடம்புக்குள் போன நாரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பகுதி எத்தினைல் எஸ்ட்ரடையாலாக மாறுகிறது. மூன்று வேளையும் சாப்பிடும்போது, கருத்தடை மாத்திரையில் இருக்கும் அளவுக்கு ஏறத்தாழப் பக்கத்தில் வந்துவிடும். அதோடு பாதயாத்திரைக்கும் திருவிழாவுக்கும் எட்டு மணி நேரம் வேனில் கால் மடக்கி உட்கார்ந்து போவார்கள், வழியில் சிறுநீர் வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். ரத்தம் கட்டுவதற்கு வேறென்ன வேண்டும்? அந்த ஐந்து கேள்வியை இதற்கும் கேளுங்கள். இந்த நாள்களில் இது கருத்தடை ஆகாது என்பதையும் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் பார்த்த அந்தப் பெண்ணிடம், மாத்திரையைப் போட வேண்டாம், உன் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார் என்று சொன்னேன். "ஆத்தாவுக்குக் கூழ் ஊத்தணுமே" என்றாள். "ஆத்தாவும் பொம்பளதானம்மா" என்றேன். சிரித்துவிட்டுக் கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போட்டாளா இல்லையா என்பது தெரியாது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது.

நான்காவது மாத்திரை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிஃபெபிரிஸ்டோன், மிசோபிரோஸ்டால் சேர்ந்த கலைப்பு மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் தயவுசெய்து கொடுக்காதீர்கள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்பது ஒரு காரணம். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மருந்து அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் போகும் என்பது பெரிய காரணம். அரைகுறையாகக் கலைந்து, மூன்று வாரம் ரத்தம் போய், வெளுத்த உதட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கிய பெண்களை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்திருக்கிறேன். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் 9 வாரம் வரை இது நல்ல மருந்து. "அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், கல்யாணம் ஆகாதவங்களுக்கும் உரிமை உண்டு" என்று சொல்லி அனுப்புங்கள். திருமணமானவர், ஆகாதவர் என்று கருக்கலைப்பில் வேறுபாடு காட்டக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஒரு பழைய கதையைச் சொல்லிக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். 1970 ஜனவரியில் அமெரிக்க செனட்டில், கெய்லார்ட் நெல்சன் தலைமையில் கருத்தடை மாத்திரையின் பாதுகாப்பு பற்றி விசாரணை நடந்தது. மருத்துவர்கள் வரிசையாக வந்து பேசினார்கள். மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்று, எங்களிடம் ஏன் யாரும் சொல்லவில்லை, ஏன் யாரும் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். அதே வருடம், மாத்திரைப் பெட்டிக்குள் ஆபத்துகளைப் பெண்ணுக்குப் புரியும்படி அச்சிட்டு வைக்க வேண்டும் என்று அங்கே உத்தரவானது. இன்றைக்கு நம் மாத்திரைப் பெட்டிகளில் மடித்து வைத்திருக்கும் காகிதத்தின் பின்னால் அந்தச் சண்டை இருக்கிறது. உங்கள் கடையில் அந்தக் காகிதம் எங்கே போகிறது? பெட்டியைப் பிரித்ததும் குப்பைக் கூடைக்கு.

நான் கேட்பது நான்கே விஷயம். அட்டையை வெட்டினாலும் பெயரும் தேதியும் இருக்கும் பாதியை அவளிடம் கொடுங்கள். மடித்த காகிதத்தையும் கவரில் போடுங்கள். தமிழில் ஐந்து வரி அச்சடித்து ஒரு சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், இதுவரை வராத கடும் தலைவலி வந்தால், பார்வை மங்கினாலோ பேச்சு குழறினாலோ, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, என்ன மாத்திரை சாப்பிட்டாய் என்று டாக்டரிடம் சொல். கல்லாவின் ஓரத்தில், மற்றவர் காதில் விழாத மாதிரி ஒரு அடி தள்ளி நின்று பேச இடம் ஒதுக்குங்கள். முடிந்தால் அந்த இடத்தில் ஒரு தங்கையை நிறுத்துங்கள். கணவர் வந்து கேட்டால், "அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்கண்ணே, ரெண்டு விஷயம் கேக்கணும்" என்று சொல்லுங்கள்.

இதனால் வியாபாரம் படுத்துவிடும் என்று நினைக்காதீர்கள். 29 வருடத்தில் நான் கற்றுக்கொண்டது, அக்கறையாகக் கேட்கும் ஆளை இந்த ஊர்ப் பெண்கள் மறக்க மாட்டார்கள். தன் தங்கையையும் நாத்தனாரையும் அதே இடத்துக்குத்தான் அனுப்புவார்கள்.

நாளைக் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் யாராவது ஒரு பெண் ஓரமாக வந்து நிற்பாள். கடையில் ஆள் குறையட்டும் என்று காத்திருப்பாள். அவள் கேட்டதும் கை கத்தரிக்கோலுக்குப் போகும். அதைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, முதலில் இதைக் கேளுங்கள்: "முன்னாடி எப்பவாவது கால்ல ரத்தம் கட்டியிருக்காக்கா?"

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருத்தி